சென்டாயில் ஒரு கோடை

ஜூன் 9, 2025, திங்கள்

ஜூன் மாதம் சென்டாயில் நாலேகால் மணிக்கே விடிந்துவிடுகிறது. அறையின் திரை மெல்லிசு, அதனால் அலாரம் வேண்டியிருக்கவில்லை. பால்கனிக்கு வந்து பார்த்தால் தெருமுனையில் பக்கத்து வீட்டுப் பாட்டி குப்பைப் பைகளின் மேல் வலை விரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் காக்கைக்காகத்தான். இங்கே திரிவது அண்டங்காக்கை, நம்மூர்க் காக்கையைவிடப் பெரிது, பையைக் கொத்திக் கிழித்து மீன் முள்ளைத் தெரு முழுக்க இறைத்துவிடும்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவிலிருந்து வடக்கே, ஹயபுசா என்ற அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கும் நகரம், ஆனாலும் பெரிய சாலைகளில் நடந்தால் தலைக்கு மேல் மரங்கள்தான் தெரிகின்றன. நான் சேலத்துப் பெண், உலோகவியல் படிக்கிறேன், கடைசி ஆண்டு தொடங்குவதற்கு முன் தொஹோகு பல்கலைக்கழகத்தின் உலோக ஆராய்ச்சி நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. ஆகஸ்ட் வரை இங்கேதான்.

வந்த மறுநாளே பாட்டி கதவைத் தட்டி ஒரு காலண்டர் கொடுத்தார். வீட்டுக் குப்பைக்குப் பச்சை எழுத்துப் பை, வாரம் இரண்டு முறை. பிளாஸ்டிக்குக்குச் சிவப்பு எழுத்துப் பை, வாரம் ஒரு முறை. பாட்டில், டப்பா எல்லாம் மஞ்சள் கூடையில். இந்தப் பைகளை 2008 முதல் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அதனால் யாரும் பையை அரைகுறையாக நிரப்பி வெளியே வைப்பதில்லை. 2023 ஏப்ரலிலிருந்து உடைந்த வாளி, டிபன் டப்பா போன்ற பிளாஸ்டிக் சாமான்களையும் அதே சிவப்புப் பையில் வாங்கிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் பாட்டி கலர் பேனாவால் நாள் நாளாக வட்டமிட்டு வைத்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஜப்பானிய மொழி சரளமாக வராது. போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு செயலியும் கையசைவும் போதுமானதாக இருந்தது. தெருவில் குப்பை வைக்கும் இடத்தைக் கூட்டிக் கழுவ ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டாம், என் அறைக்கும் ஜூலையில் ஒரு வாரம் வருகிறது. எனக்கு அது பிடித்திருந்தது. தற்காலிகமாக வந்தவள்தானே என்று விட்டுவிடாமல் என்னையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

ஜூன் 11, புதன்

ஆய்வகத்தில் இன்னும் எந்த மெஷினையும் தொடவிடவில்லை. முதலில் பாதுகாப்பு வகுப்பு, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது ஹெல்மெட். ஒவ்வொருவர் இருக்கைக்குப் பக்கத்திலும் ஒன்று தொங்குகிறது, எனக்கும் ஒன்று தயாராக இருந்தது, மேலே என் பெயர் ஒட்டி. ஆர்கான், நைட்ரஜன் சிலிண்டர்கள் சுவரோரச் சட்டத்தில் நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சங்கிலி, கீழே ஒரு சங்கிலி. ஒரே சங்கிலி என்றால் குலுங்கும்போது சிலிண்டரின் அடி நழுவி வெளியே வந்துவிடும், அதனால்தான் இரண்டு. அலமாரிகள் எல்லாம் சுவரோடு போல்ட் போட்டிருக்கிறது. அமிலப் பாட்டில் தட்டுகளுக்கு முன்னால் கம்பித் தடுப்பு. பிரிட்ஜுக்குக்கூட பெல்ட். ஊரில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்த ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், அவர் இதைப் பார்த்தால் ஒரு நாள் முழுக்க போட்டோ எடுப்பார் என்று தோன்றியது.

எனக்கு வழிகாட்ட ஒரு பி.எச்.டி. மாணவரை நியமித்திருக்கிறார்கள். 2011 மார்ச் 11 அன்று மதியம் 2.46-க்கு வந்த நிலநடுக்கம் 9.0 அளவு, இந்தக் கட்டடத்திலும் பல கருவிகள் சாய்ந்து விழுந்தன என்று காட்டிக்கொண்டே வந்தார். நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். இஷினோமாகியில், ஆறாம் வகுப்பு என்றார். அன்று வந்த சுனாமியில் அதிகம் அடிபட்ட கடலோர ஊர்களில் இஷினோமாகியும் ஒன்று என்று படித்திருக்கிறேன், அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. அவரும் அடுத்த சிலிண்டரைக் காட்டப் போய்விட்டார்.

வளாகம் பழையது, கதஹிரா என்று பெயர். ஹோண்டா கோதாரோ 1917-இல் கே.எஸ். எஃகு என்ற காந்த எஃகைக் கண்டுபிடித்தது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். நம் வீட்டு மொட்டை மாடிகளில் மீன் முள் மாதிரி நின்ற டி.வி. ஆண்டெனாவும் இங்கே பிறந்தது, 1926-இல், யாகி, உடா என்ற இருவர் கையால். அம்மாவிடம் போனில் சொன்னபோது நம்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்காக அதைத் திருப்பித் திருப்பிக் கை வலித்த காலம் அவருக்கு நினைவிருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று அரிசி வாங்கினேன். இதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்தக் கோடையில் ஜப்பான் முழுக்க இதே பேச்சு.

ஐந்து கிலோ மூட்டை நாலாயிரம் யென்னைத் தாண்டிவிட்டது, போன வருடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. விலையால் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தபோது, தனக்கு ஆதரவாளர்கள் நிறைய அரிசி தருகிறார்கள், காசு கொடுத்து வாங்கியதே இல்லை என்று வேளாண் அமைச்சர் பேசிவிட்டார், மே 21-இல் பதவியை விட்டார். அடுத்து வந்த ஷின்ஜிரோ கோய்சுமி அரசுக் கையிருப்பு அரிசியை நேராகக் கடைகளுக்குத் திறந்துவிட்டார். அந்த மூட்டை இரண்டாயிரம் யென் அளவில் கிடைக்கிறது, அதற்குத்தான் கடை திறக்கும் முன்பே வரிசை. ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டை.

இந்தக் கையிருப்பு ஏன் வந்தது என்று வரிசையில் நின்றபோது பாட்டி சொன்னார். 1993-இல் கோடையே வரவில்லையாம், குளிர் அடித்துக் கதிரில் பால் பிடிக்காமல் போனது, இந்த வடகிழக்குப் பக்கம்தான் அடி அதிகம். தாய்லாந்திலிருந்து அரிசி இறக்கினார்கள், இவர்கள் நாக்குக்கு அது ஒத்துவரவில்லை. அதற்குப் பிறகு 1995-இல் சட்டம் போட்டுக் கையிருப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். பாட்டிக்கு அந்த வருடம் நன்றாக நினைவிருக்கிறது, அவர் பிறந்த வீடு விவசாயக் குடும்பம்.

கடையில் இருந்தது 2022 அறுவடை. இங்கே புது அரிசிக்குத்தான் மதிப்பு. இலையுதிர் காலத்தில் புது அரிசி வந்துவிட்டது என்று கடை வாசலில் கொடி வைப்பார்கள், பழையதென்றால் வாசனை போய்விட்டது, ஒட்டவில்லை என்று முகம் சுளிப்பார்கள். பாட்டியும் எனக்காக வருத்தப்பட்டார், பாவம் வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பழைய அரிசி வாய்த்திருக்கிறதே என்று. எங்கள் ஊரில் பழைய அரிசிக்குத்தான் விலை கூட, புது அரிசி குழைந்துவிடும், பத்தியச் சமையலுக்கும் பழைய அரிசியைத்தான் தேடுவார்கள் என்று நான் சொன்னதும் இரண்டு தடவை செயலியைத் திரும்பப் பேசவைத்துக் கேட்டார்.

மதியம் வடித்துப் பார்த்தேன். வடித்த கஞ்சி கொழகொழவென்று வந்தது, சாதம் நம் பொன்னி மாதிரி உதிரவில்லை, ஆனால் சாம்பார் ஊற்றிப் பிசைய முடிகிறது. முதல் வாரம் வாங்கிய புது அரிசியில் அது முடியவே இல்லை, உருண்டையாகப் புரண்டது. அந்தப் புது அரிசி வேறு ஒன்றுக்கு ரொம்பப் பொருத்தம்: தயிர் சாதம். ஒட்டும் அரிசி, இங்கத்திய புளிக்காத தயிர், கொஞ்சம் இஞ்சி, கடுகு தாளித்து பாட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். அவர் பதிலுக்கு உப்பில் ஊறிய உமே என்ற புளிப்புக் காய் கொடுத்தார். தயிர் சாதத்துக்கு ஊறுகாய் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை!

ஜூன் 26, வியாழன்

நாட்கள் இப்படிப் போகின்றன. காலையில் சாம்பிளை எமரி பேப்பரில் தேய்ப்பது, பேப்பர் நம்பர் மாற்றும்போதெல்லாம் தொண்ணூறு டிகிரி திருப்பிப் பிடிப்பது, அப்புறம் டயமண்ட் பாலிஷ், கண்ணாடி மாதிரி ஆனதும் நைட்டால் என்ற அமிலக் கரைசலில் சில நொடி, உடனே கழுவி மைக்ரோஸ்கோப். மதியம் கேன்டீன். மாலையில் கிளம்பும்போது அறையில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், யாரும் சும்மா எழுந்து போவதில்லை.

சாப்பாட்டில் கவனம் தேவை. காய்கறிச் சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் மீன் கொதித்த தண்ணீர் இருக்கும். நான் மீன் சாப்பிடுவேன், அதனால் தப்பித்தேன், சுத்த சைவம் என்றால் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. இந்த ஊரின் பெருமை மாட்டு நாக்குக் கறி, கரி அடுப்பில் சுட்டது. எனக்குப் பழக்கமில்லை என்று சொன்னதும் வரவேற்பு விருந்துக்கு வேறு கடை பார்த்தார்கள். அதோடு விட்டார்கள், ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பச்சை சோயாவை அரைத்து இனிப்பாக்கி மோச்சி என்ற அரிசிப் பண்டத்தின் மேல் போடும் ஜுன்டா மட்டும் எல்லோரும் கட்டாயம் சாப்பிட வைத்தார்கள். அருமை.

ஜூலை 5, சனி

அம்மா ஒரு வாரமாக இந்தத் தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏன்டி, அஞ்சாம் தேதி அங்க என்னமோ ஆகப்போகுதாமே, வாட்ஸப்ல வந்துச்சு, லீவு போட்டுட்டு வந்துடு." 1999-இல் வந்த ஒரு மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, 2021-இல் திரும்ப அச்சிட்டபோது 2025 ஜூலையில் பெரும் பேரழிவு என்று சேர்த்திருந்தார்கள், அது ஆசியா முழுக்கப் பரவிவிட்டது. ஹாங்காங்கிலிருந்து சென்டாய்க்கு வரும் விமானங்களையே குறைத்துவிட்டார்கள். தெற்கே தொகாரா தீவுகளில் ஜூன் 21 முதல் ஆயிரத்துக்கும் மேல் சின்னச் சின்ன நிலநடுக்கம் பதிவானது வேறு வதந்திக்குத் தீனி போட்டது. நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்லும் அறிவியல் இன்று கிடையாது என்று வானிலை நிறுவனம் திரும்பத் திரும்ப அறிவித்தது.

வழிகாட்டியிடம் கேட்டேன், பயமா என்று. "அஞ்சாம் தேதிக்குத் தண்ணீர் பிடித்து வையுங்கள், ஆறாம் தேதி கொட்டிவிடாதீர்கள்" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். இங்கே ஒன்பது மணி, சேலத்தில் ஐந்தரை. பக்கத்துத் தெரு அத்தைகள் எல்லோரும் பின்னால் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

பாட்டி சொல்லி ஒரு பையும் கட்டி வைத்திருக்கிறேன்: தண்ணீர், டார்ச், பவர் பேங்க், பாஸ்போர்ட் நகல், இரண்டு நாள் மாத்திரை, கைத்தறித் துண்டு. கதவுப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

அரஹாமா என்ற கடலோரப் பகுதிக்குப் போனேன். சுரங்க ரயில் கிழக்கே அராய் என்ற நிலையத்தோடு முடிகிறது, அங்கிருந்து பஸ். ரயில் நிலையத்தைத் தாண்டினால் பச்சை நெல் வயல், நம் தஞ்சாவூர்ப் பக்கம் போல ஒரே மட்டம். வழியில் உயரமான நெடுஞ்சாலைக் கரை ஒன்று குறுக்கே ஓடுகிறது. 2011-இல் சுனாமி அலை பல இடங்களில் அந்தக் கரையோடு நின்றது, ஏறி நின்றவர்கள் பிழைத்தார்கள், இப்போது ஏறுவதற்கென்றே படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள்.

கடலோரத்தில் இருந்த ஊர் முழுவதும் போய்விட்டது. வீடுகளின் அஸ்திவாரம் மட்டும் சில இடத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள், குளியலறை ஓடு பதித்த தரை தெரிகிறது. நடுவில் நாலு மாடிப் பள்ளிக்கூடம். அரஹாமா தொடக்கப் பள்ளி. 2017-இலிருந்து அப்படியே நினைவிடம். மாணவர், ஆசிரியர், ஊர்க்காரர் என்று 320 பேர் மேலே ஏறித் தப்பித்தார்கள். அலை இரண்டாவது மாடி வரை வந்தது, தாழ்வாரக் கம்பி வளைந்து கிடக்கிறது, உடற்பயிற்சிக் கூடத்துக் கடிகாரம் 3.55-இல் நின்றுவிட்டது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு சின்னத் தகவல்தான். அதற்கு முந்தைய வருடம், 2010 பிப்ரவரியில் சிலி நாட்டு நிலநடுக்கத்தால் இங்கே சுனாமி எச்சரிக்கை வந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பள்ளியில் அந்த அனுபவத்தை வைத்து, உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்திருந்த போர்வை, உணவுப் பொருட்களை மேல் மாடிக்கு மாற்றினார்கள். 2011-இல் அந்தக் கூடம் முழுக்க முழுகியது. பனி பெய்த இரவு அது, மேலே போர்வை இருந்தது. வெறும் எச்சரிக்கைதானே என்று அன்று யாராவது சோம்பியிருந்தால்?

மாடியில் நின்று கடலைப் பார்த்தபோது நாகப்பட்டினம் நினைவு வந்தது. 2004 டிசம்பர் 26, அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். நிலம் சுமத்ராவில் அதிர்ந்து அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது, சொல்வதற்கு ஆள் இல்லை, கருவி இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் வெயிலுக்குக் குடிக்கச் சொல்லிப் பார்லி டீ பாட்டில் கொடுத்தார்.

ஜூலை 30, புதன்

காலை 8.25-க்கு ரஷ்யாவின் கம்சட்கா பக்கம் நிலநடுக்கம். 8.8 அளவு. இங்கே கிட்டத்தட்ட ஒன்றும் உணரவில்லை. 8.37-க்கு முதல் அறிவிப்பு, ஒரு மீட்டர் அலை வரலாம் என்று. 9.40-க்கு அதை எச்சரிக்கையாக உயர்த்தி மூன்று மீட்டர் என்றார்கள். ஆய்வகத்தில் யாரோ என்.எச்.கே. டி.வி. போட்டார்கள். வழக்கமாக மெதுவாகப் பேசும் அறிவிப்பாளர் கத்துகிறார், உடனே ஓடுங்கள், திரும்பிப் போகாதீர்கள் என்று. 2011-இல் அமைதியாகச் சொன்னது போதவில்லை என்பதால் இப்படிக் குரலை மாற்றிக்கொண்டார்கள்.

நாங்கள் இருப்பது கடலிலிருந்து உள்ளே தள்ளி, எங்களுக்கு ஆபத்து இல்லை. வழிகாட்டி மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார். அவர் தாத்தா பாட்டி இன்னும் இஷினோமாகியில்தான். பத்து மணிக்கு முன்பே ஹியோரியாமா குன்றில் ஏறிவிட்டோம் என்று செய்தி வந்தது, கூடவே ஒரு போட்டோ, இருவரும் தொப்பியோடு. அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். நான் ஒன்றும் பேசாமல் டீ போட்டுக் கொடுத்தேன்.

நாடு முழுக்க ஏறக்குறைய இருபது லட்சம் பேரை வெளியேறச் சொன்னார்கள். அதுவும் என்ன வெயில், அதே நாள் ஹியோகோவில் 41.2 டிகிரி, நாட்டிலேயே அதுவரை பதிவான உச்சம். குன்றின் மேலும் மாடிகளிலும் வயசானவர்கள் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் அலை சின்னது, சில பத்து சென்டிமீட்டர். ஆனாலும் பின்னால் வருவதுதான் பெரிதாக இருக்கும் என்று யாரும் இறங்கவில்லை. மதியம் இவாத்தே மாவட்டத்துக் குஜி துறைமுகத்தில் 1.3 மீட்டர் பதிவானது. எச்சரிக்கை ஒரு படி இறங்கியது இரவில்தான்.

மூன்று மீட்டர் என்றார்கள், வந்தது அதில் பாதிகூட இல்லை, வீண் அலைச்சல் என்று நம்மூரில் ஒருவர் எழுதியதைப் படித்தேன். எனக்குக் கோபம் வந்தது. அரஹாமாவில் போர்வையை மேலே தூக்கி வைத்ததும் இப்படி ஒரு "வீண்" எச்சரிக்கைக்குப் பிறகுதான்.

இரவு அப்பாவிடம் பேசினேன். அவருடைய வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் சுவரில் சாய்ந்தபடிதான் எப்போதும் நிற்கும். இரண்டு சங்கிலி, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று படம் அனுப்பினேன். "சேலத்துல எங்கேம்மா நிலநடுக்கம்" என்றார். லாரி பின்னால் வரும்போது இடித்தால் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, கொக்கி எத்தனை இஞ்சு போடணும் என்று கேட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று தனபாதா விழா தொடங்கியது, எட்டாம் தேதி வரை. கடைத்தெரு முழுக்க மூங்கில் கட்டி, அதிலிருந்து காகிதக் குஞ்சங்கள் தொங்குகின்றன, நடப்பவர் தோளில் உரசும் உயரத்தில். ஒவ்வொரு கடையும் தன் அலங்காரத்தை மாதக்கணக்கில் ரகசியமாகச் செய்யுமாம். 1945 ஜூலை 10-இல் குண்டு வீச்சில் இந்த நகரத்தின் நடுப்பகுதி எரிந்துபோனது, அடுத்த வருடமே அந்தச் சாம்பலில் 52 மூங்கில் நட்டு விழாவைத் திரும்பத் தொடங்கினார்கள்.

அலங்காரம் ஏழு வகை. வேண்டுதல் எழுதும் சீட்டு, காகிதக் கிமோனோ, கொக்கு, பணப்பை, மீன் வலை, நீளக் குஞ்சம், அப்புறம் குப்பைக் கூடை. மற்ற ஆறையும் வெட்டும்போது மிஞ்சிய துண்டுகளை அந்தக் கூடைக்குள் போட்டு அதையும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். விழாவில் குப்பைக்கும் ஒரு மரியாதையான இடம் இருப்பது எனக்கு இந்த ஊரிலேயே ரொம்பப் பிடித்த விஷயமாகிவிட்டது. கொக்குகளில் ஒரு பெரிய தொகுதி நகரப் பள்ளிப் பிள்ளைகள் மடித்தது, 2011-க்குப் பிறகு வருடாவருடம் செய்கிறார்கள்.

பாட்டியோடு மூன்று தெரு நடந்தோம். அவருக்கு முழங்கால் வலி, உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தார், ஆனாலும் எந்தக் கடை எந்த வருடம் தங்கப் பரிசு வாங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சீட்டில் என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தனபாதாவில் ஒரு நாளாவது மழை வரும் என்பது இங்கே எல்லோரும் சொல்வது. கடைத்தெருவுக்கு மேலே கூரை இருப்பதால் பார்க்க வருபவர்களுக்குக் கவலையில்லை. வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் என் பிரசன்டேஷன், ஸ்லைடில் இன்னும் இரண்டு மைக்ரோகிராஃப் சேர்க்க வேண்டும். முடிந்ததும் எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு 2022 அரிசிதான் சரி, மூட்டையில் இன்னும் இரண்டு கிலோ இருக்கிறது.